தேவதை இறால்கள்: ஒன்றுபோல் இருக்கும் இனங்களைப் பிரித்தறிவது எப்படி?

அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாவில், சான் டியேகோ நகரை ஒட்டிய மேட்டுநிலங்களில் குளிர்கால மழை பெய்தவுடன் ஆங்காங்கே சிறு குட்டைகள் தோன்றும். பெரும்பாலானவற்றில் தண்ணீரின் ஆழம் ஓர் அடியைக்கூடத் தொடாது. அந்தத் தண்ணீரில் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள, கண்ணாடி போன்ற உடல் கொண்ட ஓர் உயிர் மல்லாந்து நீந்திக்கொண்டிருந்தால், அது இரண்டு இனங்களில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று 1997ஆம் ஆண்டு முதல் அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றது. அது வாழும் குட்டையை விருப்பம்போல மண் போட்டு மூடிவிட முடியாது. மற்றொன்று மேற்கு வட அமெரிக்காவில் பரவலாகக் கிடைப்பது. அதற்காக எந்தக் கட்டட வேலையும் நிற்காது.

இரண்டையும் ஒரே கண்ணாடிக் குவளையில் போட்டுக் காட்டினால் நம்மில் யாராலும் வேறுபாடு சொல்ல முடியாது. நுண்ணோக்கியின் கீழ் ஆணின் கொம்பு நுனியையும் பெண்ணின் உடலில் உள்ள சில நுண்ணிய முட்களையும் பார்த்தே முடிவு செய்கிறார்கள். பல ஏக்கர் நிலத்தின் தலைவிதி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான முள்ளில் தங்கியிருக்கிறது என்று சொன்னால் மிகையில்லை.

இவ்வாறு நெருங்கிய உறவுடைய இனங்களை எப்படிப் பிரிக்கிறார்கள், எந்த இடத்தில் அந்த முறை தடுமாறுகிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

இறால் என்பது பெயரளவில்தான்

ஆங்கிலத்தில் 'ஃபேரி ஷ்ரிம்ப்' எனப்படும் இவற்றைத் தேவதை இறால் என்று அழைக்கலாம். ஆனால் நாம் சம்பலில் போடும் இறாலுக்கும் இவற்றுக்கும் மிகத் தூரத்து உறவுதான். இறாலின் தலையையும் மார்பையும் மூடியிருக்கும் ஓடு இவற்றுக்குக் கிடையாது. அதனால்தான் இந்த வரிசைக்கு 'அனோஸ்ட்ராகா' என்று பெயர். கிரேக்க மொழியில் 'ஓடில்லாதவை' என்று பொருள். தலையில் காம்பு வைத்த இரண்டு கண்கள், மார்பில் பெரும்பாலும் 11 இணை இலை போன்ற கால்கள், பின்னால் கால்களற்ற மெல்லிய வயிறு, அதன் முடிவில் பிளவுபட்ட வால். கால்களை அலையலையாக அசைத்து நீந்துவதும், தண்ணீரிலுள்ள பாசித் துணுக்குகளை வடித்து உண்பதும், மூச்சு விடுவதும் அதே கால்களால்தான். முதுகைக் கீழாகவும் வயிற்றை மேலாகவும் வைத்தே வாழ்நாள் முழுவதும் நீந்துகின்றன.

உலகில் 300க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. அன்டார்க்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் உண்டு. வளர்ப்பு மீன்களுக்குக் கொடுக்கும் ஆர்ட்டீமியாவும் இதே வரிசையைச் சேர்ந்ததுதான். அது உப்பு நீரில் வாழ்வது. மற்ற பெரும்பாலானவை மழைநீர் தேங்கும் தற்காலிகக் குட்டைகளில் வாழ்பவை.

ஏன் தற்காலிகக் குட்டை? ஓடும் இல்லை, கொடுக்கும் இல்லை, வேகமும் இல்லை. மீன் இருக்கும் தண்ணீரில் இவை ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காது. ஆண்டில் சில மாதங்கள் முற்றிலும் வற்றிவிடும் குட்டையில் மீன் வாழ முடியாது. அந்த வெற்றிடத்தில்தான் தேவதை இறால் குடித்தனம் நடத்துகிறது. வற்றும் காலத்தைக் கடக்க அது உறைமுட்டைகளை இடுகிறது. கெட்டியான ஓட்டுக்குள் கரு பாதி வளர்ந்த நிலையில் உறங்கிவிடும். மண்ணோடு மண்ணாகக் காய்ந்து, வெயிலில் வெந்து, பல ஆண்டுகள் கழித்து நனைந்தாலும் பொரிக்கும். ஒரு மழைக்கு எல்லா முட்டைகளும் பொரிப்பதில்லை. ஒரு சிறு பங்கு மட்டுமே பொரிக்கும், மற்றவை அடுத்தடுத்த மழைகளுக்குக் காத்திருக்கும். மழை ஏமாற்றிக் குட்டை பாதியில் வற்றினாலும் வம்சம் அழியாமல் இருப்பதற்கு இந்தச் சேமிப்பே காரணம்.

இனங்கள் இத்தனை பெருகியதற்கும் இந்த வாழ்க்கை முறைக்கும் தொடர்பு உண்டு. ஒவ்வொரு குட்டைத் தொகுதியும் ஒரு தீவு மாதிரி. ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு முட்டைகள் பறவையின் காலில் ஒட்டியோ, அதன் குடலில் செரிக்காமலோ எப்போதாவதுதான் போய்ச் சேரும். நெடுங்காலம் தனித்து வாழ்ந்த கூட்டங்கள் மெல்ல வேறுபட்டு வேறு இனங்களாகின்றன. ஆனால் எல்லாமே ஒரே மாதிரியான தொழிலைச் செய்வதால் உடலமைப்பில் பெரிய மாற்றம் தேவைப்படுவதில்லை. ஆகவே இனங்கள் பல, தோற்றம் ஒன்று.

கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அடையாளம் அல்ல

முதல் பாடம், எதை நம்பக்கூடாது என்பது. நிறத்தை நம்பக்கூடாது. ஒரே இனம் ஒரு குட்டையில் வெளிறியும் இன்னொரு குட்டையில் சிவப்போ பச்சையோ கலந்தும் இருக்கும். உண்ணும் பாசியும் தண்ணீரின் தன்மையும் நிறத்தை மாற்றுகின்றன. மேலும், ஆல்கஹாலில் போட்ட சில நாட்களில் நிறம் போய்விடும். அருங்காட்சியகத்தில் இருக்கும் மாதிரிகள் எல்லாமே ஏறக்குறைய ஒரே வெள்ளை.

நீளத்தையும் நம்பக்கூடாது. குளிர்ந்த நீரில் மெதுவாக வளர்ந்தது பெரிதாகவும், சூடான நீரில் அவசரமாக முதிர்ந்தது சிறியதாகவும் இருக்கலாம். பிராங்கினெக்டா கைகாஸ் போன்று 10 சென்டிமீட்டர் வரை வளர்ந்து, மற்ற தேவதை இறால்களையே பிடித்துத் தின்னும் அரக்கன் என்றால் நீளம் போதும். மற்றவற்றுக்குப் போதாது.

வயதும் முக்கியம். முதிராத குஞ்சுகளில் இனத்தைக் காட்டும் உறுப்புகள் இன்னும் உருவாகியிருக்காது. குட்டையில் தண்ணீர் நின்ற முதல் வாரத்தில் வலை வீசினால் நூற்றுக்கணக்கில் கிடைக்கும், ஆனால் பேரினத்துக்கு அப்பால் பெயர் சொல்ல முடியாது. மிகத் தாமதமாகப் போனாலோ அவை வாழ்ந்து முடித்திருக்கும். சான் டியேகோ இனத்தின் வாழ்நாளே ஏறக்குறைய ஒரு மாதம்தான். அதனால்தான் அங்கு ஆய்வாளர்கள் மழைக்காலம் முழுவதும் அதே குட்டைக்குத் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டியிருக்கிறது.

ஆணின் கொம்பே அடையாள அட்டை

தேவதை இறாலுக்கு இரண்டு இணை உணர்கொம்புகள் உண்டு. முதல் இணை மெல்லிய நூல் போன்றது. அதில் நமக்கு வேலையில்லை. இரண்டாம் இணைதான் கதாநாயகன். பெண்ணிடம் அது சிறிதாக, எளிமையாக இருக்கும். ஆணிடமோ தடித்து, வளைந்து, பிடிக்கும் கருவியாக மாறியிருக்கும். ஆண் பின்னாலிருந்து வந்து, பெண்ணின் உடலை முட்டைப்பைக்குச் சற்று முன்னால் இந்தக் கொம்புகளால் இறுகப் பற்றிக்கொள்கிறது.

பேரினத்துக்குப் பேரினம் இந்தக் கருவியின் வடிவம் வேறுபடும். பிராங்கினெக்டா பேரினத்தில் இரண்டு கணுக்கள் கொண்ட எளிய கொக்கி. ஸ்ட்ரெப்டோசெபாலஸ் பேரினத்தில் சுருண்ட நீண்ட தண்டும், அதன் முனையில் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போலப் பிரியும் ஒரு 'கை'யும். பிராங்கினெல்லா பேரினத்தில் நெற்றியிலிருந்து ஒரு தனி உறுப்பு கிளைத்து நீளும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைக்கண்ணாடி இருந்தால் போதும், பேரினம் தெரிந்துவிடும்.

பேரினத்துக்குள் இனத்தைப் பிரிக்கப் போனால்தான் வேலை நுணுக்கமாகிறது. கொக்கியின் அடிக்கணுவில் ஒரு மேடு இருக்கிறதா, அது உருண்டையா நீண்டதா, அதன்மேல் முட்கள் உண்டா, நுனிக்கணு எந்தப் பக்கம் வளைகிறது, முனை கூர்மையா தட்டையா, கையில் உள்ள விரலில் பற்கள் எத்தனை, எது பெரியது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். பார்க்கும் கோணம் சற்று மாறினாலும் வடிவம் வேறாகத் தெரியும். எனவே தேர்ந்தவர்கள் கொம்பை ஊசியால் திருப்பித் திருப்பி, முன்புறம், உட்புறம் இரண்டையும் பார்ப்பார்கள்.

ஏன் இயற்கை இந்த ஓர் உறுப்பில் மட்டும் இத்தனை வித்தியாசத்தை வைத்தது? ஆணின் பிடி பெண்ணின் உடல் வடிவத்தோடு பொருந்த வேண்டும். ஒரு குட்டையில் இரண்டு மூன்று இனங்கள் சேர்ந்து வாழும்போது, பிடி சரியில்லை என்றால் பெண் உதறிவிடும். இந்த உறுப்புகளுக்கும் இனப்பெருக்க வெற்றிக்கும் உள்ள தொடர்பை அமெரிக்க ஆய்வாளர் டென்டன் பெல்க் 1984இல் விரிவாக எழுதினார். பூட்டும் சாவியும் என்று இதை எளிமையாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எல்லாப் பூட்டும் ஒரு சாவிக்கு மட்டும் திறப்பதில்லை என்பதை சான் டியேகோவில் பார்க்கப் போகிறோம்.

கலிபோர்னியாவின் கடினமான பாடம்

1990ஆம் ஆண்டு லாரி எங், டென்டன் பெல்க், கிளைட் எரிக்சன் ஆகிய மூவரும் கலிபோர்னியாவின் தேவதை இறால்களைப் பற்றி ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் நான்கு புதிய இனங்களுக்குப் பெயர் சூட்டினார்கள். அவற்றில் மூன்று பிராங்கினெக்டா பேரினத்தைச் சேர்ந்தவை: லிஞ்சி, கன்சர்வேஷியோ, லாஞ்சியன்டென்னா. நான்காவது ஸ்ட்ரெப்டோசெபாலஸ் வூட்டோனி. நான்கு ஆண்டுகளுக்குள் நான்குமே அமெரிக்க மத்திய அரசின் பாதுகாப்புப் பட்டியலில் ஏறிவிட்டன. வகைப்பாட்டியல் என்றால் பழைய புட்டிகளுக்கு லத்தீன் பெயர் ஒட்டும் வேலை என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெயர் இல்லாத ஒன்றைச் சட்டம் பாதுகாக்க முடியாது.

இவற்றில் லாஞ்சியன்டென்னா சுலபமானது. ஆணின் இரண்டாம் உணர்கொம்பு, உடலளவோடு ஒப்பிட்டால், அந்தப் பேரினத்தின் மற்ற இனங்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளம். பெயரே அதைச் சொல்லிவிடுகிறது.

சோதனை, லிஞ்சியில்தான். அது கொலராடென்சிஸ் என்ற பழைய இனத்தை மிகவும் ஒத்திருக்கும். ஆணின் கொம்பு அடியில் ஒரு சிறு மேடு இருக்கிறது. கொலராடென்சிஸில் அது உருண்டை, லிஞ்சியில் நீள்வடிவம். கொம்பில் சற்றுத் தள்ளி இன்னொரு புடைப்பு உண்டு. லிஞ்சியில் அது சிறியது, முட்களும் குறைவு. பெண்ணாக இருந்தால் முட்டைப்பையைப் பார்க்க வேண்டும். கொலராடென்சிஸின் பை நீண்டு உருளை போலிருக்கும். லிஞ்சியின் பை குட்டையாக, பேரிக்காய் வடிவில் இருக்கும்.

சரி, பிரித்துவிட்டோம் என்று நிம்மதியடைந்த பத்தே ஆண்டுகளில் புதுச் சிக்கல் வந்தது. 2000இல் பெல்க்கும் மைக்கேல் ஃபுகேட்டும் அதே கலிபோர்னிய நடுப் பள்ளத்தாக்கிலிருந்து மெசோவாலென்சிஸ் என்ற இனத்தை விவரித்தார்கள். அதன் பெண்ணும் லிஞ்சியின் பெண்ணும் அச்சு அசல். வேறுபாடு எங்கே தெரியுமா? லிஞ்சிப் பெண்ணின் மூன்றாம் மார்புக் கண்டத்தில், முதுகின் இரு பக்கமும் ஓர் இணைச் சிறு புடைப்புகள் இருக்கும். மெசோவாலென்சிஸில் அவை இல்லை. அவ்வளவுதான். லிஞ்சி 1994 முதல் பாதுகாக்கப்பட்ட இனம். மெசோவாலென்சிஸையும் சேர்க்கக் கோரி வந்த மனுவை 2004இல் அமெரிக்க மீன், வனவிலங்குச் சேவைத் துறை ஏற்கவில்லை. ஆகவே, வலையில் பெண்கள் மட்டும் சிக்கிய நாளில், அந்தக் குட்டைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதை மூன்றாம் கண்டத்துப் புடைப்பு சொல்லும்.

இந்த இடத்தில் ஒரு நடைமுறைக் குறிப்பு. இரண்டு இனங்களைப் பிரிக்கும்போது ஒரே ஓர் உயிரியை வைத்து முடிவு சொல்லக்கூடாது. ஒன்றில் முள் உடைந்திருக்கலாம், இன்னொன்றில் ஆல்கஹால் பட்டு உறுப்பு சுருங்கியிருக்கலாம். பல ஆண்கள், பல பெண்கள், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு அடையாளங்கள் ஒத்துப்போக வேண்டும். நல்ல அடையாள வழிகாட்டி நூல்கள் 'ஆம் அல்லது இல்லை' என்று இரண்டு இரண்டாகக் கிளைபிரியும் கேள்விகளாக அமைந்திருக்கும். அதில் ஒரு கேள்விக்குத் தவறான விடை தந்துவிட்டால் அதன்பின் எவ்வளவு கவனமாகப் படித்தாலும் தவறான பெயருக்கே போய்ச் சேருவோம். அதனால் முடிவில் கிடைத்த பெயரின் முழு விவரிப்பையும் மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கட்டாயம்.

இரண்டும் கலந்துவிட்டால்?

இனி சான் டியேகோவுக்குத் திரும்புவோம். அங்குள்ள சிறப்பு இனத்துக்கு பிராங்கினெக்டா சாண்டியாகொனென்சிஸ் என்று 1993இல் ஃபுகேட் பெயரிட்டார். அதன் வாழ்விடம் சான் டியேகோ பகுதியும், அதற்கு வடக்கே ஆரஞ்சு மாவட்டமும், எல்லைக்கு அப்பால் மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவின் வடமேற்கு ஓரமும்தான். ஆண் வளர்ந்தால் 9 முதல் 16 மில்லிமீட்டர். ஆணைக் கொம்பின் நுனியை வைத்து அடையாளம் காண்கிறார்கள். பெண்ணை முட்டைப்பையின் வடிவம், நீளம், சூலகத்தின் நீளம், வயிற்றுக் கண்டங்கள் ஐந்தில் பக்கவாட்டில் உள்ள இணை முட்கள் ஆகியவற்றைக் கொண்டு.

அதன் உறவினன் பிராங்கினெக்டா லிண்டாலி. 1883இல் பேக்கர்ட் பெயரிட்டது. எந்தக் குட்டையானாலும் சமாளித்துக்கொள்ளும். கார நீர், சேற்று நீர், வண்டிச் சக்கரம் பதிந்த பள்ளம், சாலையோரக் குழி எதுவும் அதற்குச் சம்மதம். ஆங்கிலத்தில் அதன் பொதுப்பெயரே 'பலவகையிலும் வல்ல தேவதை இறால்' என்ற பொருளில் வழங்குகிறது.

சான் டியேகோவில் பருவக் குட்டைகளின் பெரும்பகுதி நகர வளர்ச்சியில் ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சியவற்றைச் சுற்றிச் சாலைகளும் கட்டுமானங்களும் வந்தன. அவற்றோடு லிண்டாலியும் வந்தது. சக்கரங்களில் ஒட்டிய சேற்றில் உறைமுட்டைகள் பயணம் செய்வது மிக எளிது. சான் டியேகோ பல்கலைக்கழகத்தின் மேரி சிமோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, இந்த இரு இனங்களும் சந்திக்கும் குட்டைகளில் கலப்பினங்கள் உருவாவதைக் காட்டியது. பெண்களில் சிலவற்றுக்கு முட்களின் அமைப்பு இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. சீர்குலைந்த நிலத்தில்தான் இந்தக் கலப்பு ஆபத்து.

இங்கே நாம் பள்ளியில் படித்த ஒரு வரையறை இடறுகிறது. தமக்குள் இனப்பெருக்கம் செய்து, மற்றவற்றோடு செய்யாத கூட்டமே ஓர் இனம் என்று எர்ன்ஸ்ட் மேயர் 1942இல் வகுத்த விளக்கம் பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. அப்படியானால் சாண்டியாகொனென்சிஸும் லிண்டாலியும் ஒரே இனமா? என் கருத்தில் அந்த அவசர முடிவு தவறு. இவை இரண்டும் கலக்காமல் இருந்ததற்குக் காரணம் பூட்டும் சாவியும் மட்டுமல்ல. ஒன்று மேட்டுநிலத்தின் சிறு தெளிந்த குட்டைகளிலும் மற்றொன்று வேறுவகை நீர்நிலைகளிலும் வாழ்ந்து, சந்திக்காமலே இருந்ததும் முக்கியக் காரணம். வேலியை உடைத்தது மனிதன். வேலி உடைந்த பிறகு மாடுகள் கலந்துவிட்டதால் அவை எப்போதும் ஒரே மந்தை என்று சொல்ல மாட்டோம்.

சட்டத்துக்கோ இது தலைவலி. தூய சாண்டியாகொனென்சிஸுக்குப் பாதுகாப்பு உண்டு. லிண்டாலிக்கு இல்லை. பாதிப் பாதி கலந்ததற்கு? அமெரிக்காவில் கலப்பினங்களை எப்படி நடத்துவது என்று 1996இல் ஒரு வரைவுக் கொள்கை வெளியிடப்பட்டது. அது இறுதி வடிவம் பெறவேயில்லை. ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள்.

மரபணுவிடம் கேட்டால் போதாதா?

'டிஎன்ஏ சோதனை செய்துவிட்டால் தீர்ந்ததே' என்று சில வாசகர்கள் நினைக்கலாம். உதவும், ஆனால் எந்த டிஎன்ஏ என்று கேட்க வேண்டும்.

விலங்கினங்களை அடையாளம் காண வழக்கமாகப் படிக்கும் மரபணுத் துண்டு, மைட்டோகாண்டிரியாவில் உள்ள சிஓஐ என்பது. செலவு குறைவு, விரைவு. முட்டையின் ஓட்டை உடைத்துக் கருவிலிருந்தே எடுத்துவிடலாம். காய்ந்த மண்ணில் கிடைக்கும் உறைமுட்டைகளுக்கு இது வரப்பிரசாதம். ஏனெனில் பிராங்கினெக்டாவின் உறைமுட்டைகள் எல்லாம் சுருக்கங்கள் கொண்ட சிறு உருண்டைகள்தான். அவற்றின் தோற்றத்தை வைத்துப் பேரினத்தைச் சொல்லலாம், இனத்தைச் சொல்ல முடியாது. (எல்லாப் பேரினத்திலும் அப்படியல்ல. ஆப்பிரிக்க ஸ்ட்ரெப்டோசெபாலஸ் இனங்களில் ஒரு குழு, நான்முக வடிவில் முட்டையிடுகிறது. அந்தக் காலத்துப் பால் பாக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.) இல்லாவிட்டால் மண்ணை நனைத்து, முட்டையைப் பொரிக்க வைத்து, முதிரும்வரை வளர்த்துத்தான் பெயர் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆனால் மைட்டோகாண்டிரியா தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. லிண்டாலித் தாய்க்கும் சாண்டியாகொனென்சிஸ் தந்தைக்கும் பிறந்த கலப்பினத்தைச் சோதித்தால், விடை 'லிண்டாலி' என்றே வரும். தந்தையின் பங்கு அந்தச் சோதனையில் தெரியவே தெரியாது. தாய் மாறினால் விடையும் மாறும். கலப்பைக் கண்டுபிடிக்க, இரு பெற்றோரிடமிருந்தும் வரும் உட்கரு மரபணுக்களையும் படிக்க வேண்டும், உடலமைப்பையும் பார்க்க வேண்டும். ஒன்று சொல்லாததை மற்றொன்று சொல்லும்.

மரபணு ஆய்வு இன்னொரு செய்தியையும் கொடுத்தது. சான் டியேகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ போஹோனக் செய்த ஆய்வுகளில், குட்டைத் தொகுதிக்குத் தொகுதி சாண்டியாகொனென்சிஸின் மரபு வழியே வேறுபடுவது தெரிந்தது. அங்கு ஒரு வழக்கம் உண்டு: ஓரிடத்தில் குட்டையை மூட அனுமதி கிடைத்தால், வேறிடத்தில் புதுக் குட்டை தோண்டி, பழைய குட்டையின் மேல்மண்ணை அள்ளிப் போடுவார்கள். முட்டைகள் அதோடு போய்விடும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. ஆனால் அந்த மண்ணில் லிண்டாலியின் முட்டைகள் இருந்தால், பாதுகாக்கிறோம் என்ற பெயரில் எதிரியைப் புது வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறோம். தூரத்துத் தொகுதியின் மண்ணாக இருந்தால், தனித்தனியாக வளர்ந்த மரபு வழிகளைக் குழப்பிவிடுகிறோம். மண்ணை லாரியில் ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் நனைத்து, பொரிப்பதை வளர்த்து, கொம்பையும் முள்ளையும் எண்ணிப் பார்ப்பது சில வார வேலை. அதற்குப் பொறுமையில்லை என்றால் மண்ணை நகர்த்தாமல் இருப்பதே மேல்.

நமக்கு அருகில்

தேவதை இறாலுக்குத் தெளிவான வறட்சிக் காலம் வேண்டும். ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நம் பகுதியைவிட, சற்று வடக்கே தாய்லாந்தின் வடகிழக்கு மாநிலங்கள் அதற்கு ஏற்றவை. அங்கே மழைக்காலம் தொடங்கியதும் வயலோரப் பள்ளங்களில் இவை பெருகும். கிராமத்தினர் வலையால் அள்ளிச் சமைத்து உண்பதும் உண்டு.

உள்ளூர் மக்களுக்கு நெடுநாள் தெரிந்த இந்த உயிரிகளுக்கு அறிவியல் பெயர் கிடைத்தது அண்மையில்தான். 2000ஆம் ஆண்டு ஸ்ட்ரெப்டோசெபாலஸ் சிரிந்தோர்னே, தாய்லாந்து இளவரசி சிரிந்தோர்னின் பெயரால். 2002இல் பிராங்கினெல்லா தாய்லாந்தென்சிஸ். 2006இல் ஸ்ட்ரெப்டோசெபாலஸ் சியாமென்சிஸ். மூன்றையும் விவரித்த குழுக்களில் முதன்மையானவர் கோன் கேன் பல்கலைக்கழகத்தின் லாவோர்சிரி சனோமுவாங். முதல் இரண்டு இனங்களின் முழுப் பெயரைப் பார்த்தால், பெயரிட்டவர்களின் வரிசையில் 'முருகன்' என்ற பெயரும் இருக்கும். விலங்கியலில் இனப்பெயருக்குப் பின் அதை விவரித்தவர்களின் பெயரும் ஆண்டும் எழுதும் மரபு உண்டு. எனவே அந்தப் பெயர் அங்கேயே நிற்கும்.

தமிழ்நாட்டிலும் மழைநீர்க் குட்டைகளில் ஸ்ட்ரெப்டோசெபாலஸ் டைகோடோமஸ் என்ற இனம் உண்டு. 1860இல் பேர்ட் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் பெயரிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் முனுசாமியும் மாணவர்களும் அதன் உறைமுட்டை, வளர்ப்பு ஆகியவற்றை நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள்.

தாய்லாந்தில் இப்போது தேவதை இறால் வளர்ப்பு ஒரு தொழில். அலங்கார மீன்களுக்கு நல்ல தீனி, மீனின் நிறத்தையும் கூட்டும். வளர்ப்புத் தொழிலில் இனத்தைச் சரியாக அறிவது பணத்தோடு தொடர்புடையது. ஓர் இனத்தின் முட்டைக்கு எத்தனை நாள் உலர்த்தல் வேண்டும், எந்த வெப்பநிலையில் பொரிக்கும் என்பது இன்னோர் இனத்துக்குப் பொருந்தாது. பிராங்கினெல்லாவையும் ஸ்ட்ரெப்டோசெபாலஸையும் ஆணின் தலையைப் பார்த்தவுடன் பிரித்துவிடலாம். சிரிந்தோர்னேயையும் சியாமென்சிஸையும் பிரிக்க, ஆணின் 'கை'யை நுண்ணோக்கியின் கீழ் ஒப்பிட வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க

இதைச் சொந்தக் கண்ணால் பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஒரு வழி உண்டு. மீன் வளர்ப்புக் கடையில் ஆர்ட்டீமியா முட்டை சிறு புட்டியில் கிடைக்கும். ஓடு நீக்கிய வகையை வாங்க வேண்டாம், அதில் பல பொரிக்காதவை. ஒரு லிட்டர் குளோரின் நீக்கிய தண்ணீரில் கடல் உப்பு ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி கலந்து, ஒரு சிட்டிகை முட்டை போட்டு, காற்றுக் குழாயை விட்டு, வெளிச்சத்தில் வையுங்கள். நம் ஊர் வெப்பத்தில் ஒன்றரை நாளுக்குள் செம்மஞ்சள் குஞ்சுகள் தெரியும். ஒரு பங்கைப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றி, ஸ்பைருலினாப் பொடியைத் தண்ணீரில் கரைத்து, நீர் லேசாகப் பச்சையாகத் தெரியும் அளவுக்கு மட்டும் கொடுத்து வாருங்கள். அதிகம் கொடுத்தால் தண்ணீர் கெட்டு எல்லாம் இறந்துவிடும்.

இரண்டு மூன்று வாரங்களில் முதிர்ந்துவிடும். ஒன்றைச் சிறு சொட்டுத் தண்ணீரோடு வெள்ளைத் தட்டில் விட்டு, பத்து மடங்கு கண்ணாடியால் தலையைப் பாருங்கள். அகன்ற துடுப்பு போன்ற கொம்புகள் இருந்தால் ஆண். அந்தக் கொம்பின் அடியில், உட்புறமாக ஒரு சிறு உருண்டை மேடு தெரியும். லிஞ்சியையும் கொலராடென்சிஸையும் பிரிக்க ஆய்வாளர்கள் தேடும் மேடும் இதுபோலக் கொம்படியில்தான் இருக்கிறது. பெண்ணுக்குக் கொம்பு சிறியது, வயிற்றின் தொடக்கத்தில் முட்டைப்பை தொங்கும்.

எத்தனை ஆண், எத்தனை பெண் என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் முட்டைகளில் கணிசமானவை அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் பெரிய உப்பு ஏரியிலிருந்து வரும் ஆர்ட்டீமியா பிரான்சிஸ்கானா. அதில் ஆணும் பெண்ணும் இருக்கும். நூறு எண்ணியும் ஓர் ஆண்கூட அகப்படவில்லை என்றால், உங்கள் புட்டியில் இருப்பது ஆணே தேவைப்படாமல் பெண்கள் மட்டும் பெற்றுப் பெருகும் ஆர்ட்டீமியா வகையாக இருக்கலாம். ஆசியாவின் சில உப்பு ஏரிகளில் அத்தகையவை உண்டு. புட்டியில் எந்த நாட்டு முட்டை என்று அச்சிட்டிருக்கிறதா என்று அப்போது ஒருமுறை பார்த்துவிடுங்கள்.